கதிரிலேயே முளைத்த மக்காச்சோளம்: குற்றம் விதையிலா, மழையிலா?



பொங்கல் கழிந்த மறு வாரம் நேயர் ஒருவரிடமிருந்து ஒரு படமும் ஒரு கேள்வியும் வந்தன. அவர் இங்கே டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர். சொந்த ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அவருடைய அப்பா இரண்டு ஏக்கரில் மானாவாரியாக மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் முற்றி, அறுவடைக்கு ஆள் சொல்லி வைத்திருந்த நேரத்தில் நான்கு நாள் விடாத மழை. மழை விட்டதும் கதிரின் மட்டையை உரித்துப் பார்த்தால், மணிகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக முளை வந்திருக்கிறது. மண்ணில் விழாமல், செடியில் நின்றபடியே முளைத்துவிட்டது.

"விதை சரியில்லை, விற்றவரிடம் போய்க் கேட்கப்போகிறேன் என்று அப்பா கோபமாக இருக்கிறார். அது நியாயமா? மீதி உள்ளதை விற்கலாமா? அடுத்த வருடம் இப்படி வராமல் இருக்க என்ன செய்யலாம்?" இவைதாம் அந்த நேயரின் கேள்விகள். மூன்றுமே நல்ல கேள்விகள். இந்த மாத உரையை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்பதை இலங்கை நேயர்கள் சோளம் என்றே சொல்வார்கள். அனுராதபுரம், மொனராகலை பக்கம் பெரும்போகத்தில் விளைவதும் இதுதான். ஜெர்மனியில் இதன் பெயர் மைஸ். இந்த உரையில் மக்காச்சோளம் என்றே சொல்கிறேன்.

தாய்ச் செடியிலேயே முளைப்பது

விதை என்றால் மண்ணில் விழுந்து, ஈரம் பட்டு, பிறகு முளைப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் இயற்கையில் இதற்கு விலக்கு உண்டு. பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சுரபுன்னை மரத்தில் பச்சை நிறத்தில் நீளமாக, முருங்கைக்காய் போலத் தொங்குவது காய் அல்ல. மரத்தில் இருக்கும்போதே விதை முளைத்து நீண்ட கன்று அது. உப்புத் தண்ணீரில் விழும்போது தயாராக விழ வேண்டும் என்பதற்காக மரம் செய்துகொண்ட ஏற்பாடு. சந்தையில் வாங்கி வைத்த சௌசௌ காயிலிருந்து சமையலறையிலேயே கொடி கிளம்புவதையும் பார்த்திருப்போம்.

நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். கொத்துக்கடலை முற்றிய பிறகு பறிக்கத் தாமதமாகி மழை பெய்தால், மண்ணுக்குள் செடியோடு இருக்கும் காய்களிலேயே பருப்பு முளைத்துவிடும். கொடிக்கடலை அவ்வளவு சீக்கிரம் முளைக்காது. காரணம், கொடிக்கடலையின் விதைக்கு உறக்கக் காலம் உண்டு, கொத்துக்கடலைக்குக் கிட்டத்தட்ட இல்லை.

இந்த 'விதை உறக்கம்' என்ற சொல்லில்தான் நம் கேள்விக்கான பதில் இருக்கிறது.

பூட்டிய கதவும் சாத்திய கதவும்

காய்ந்த விதை முளைக்காமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, விதை உண்மையிலேயே உறங்குகிறது. அப்போது தண்ணீர் ஊற்றினாலும் முளைக்காது, சில வாரங்களோ மாதங்களோ போக வேண்டும். இது பூட்டிய கதவு. இன்னொன்று, விதை விழித்தே இருக்கிறது, தண்ணீர் இல்லாததால் காத்துக்கொண்டிருக்கிறது. இது வெறுமனே சாத்திய கதவு. தண்ணீர் வந்து தொட்டால் திறந்துகொள்ளும்.

முற்றிக் காய்ந்த மக்காச்சோள மணி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவானது. அந்தப் புல்லின் விதைகள் கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும், உடனே முளைக்காது. மனிதன் விதைத்தான். முளைத்ததை வளர்த்தான், அதிலிருந்தே மறுபடியும் விதை எடுத்தான். தூங்கிக் கிடந்தது கழிந்து போனது. இப்படிப் பல தலைமுறைகள் போனபோது, விதைத்த உடன் ஒரே சீராக முளைக்கும் பயிர் நமக்குக் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, பூட்டு தளர்ந்து போனது.

பூட்டும் சாவியும்: இரண்டு பொருள்கள்

மணி வளரும்போது அதற்குள் என்ன நடக்கிறது? மணி பாதி முற்றும்போதே உள்ளே இருக்கும் கருவுக்கு முளைக்கும் திறன் வந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த இளம் கருவை எடுத்துச் சத்து நீரில் வைத்தால் முளைத்துவிடும். ஆனால் கதிரில் இருக்கும்போது முளைப்பதில்லை. அங்கே அதைத் தடுத்து வைப்பது அப்சிசிக் அமிலம் என்ற பொருள். 1960களின் தொடக்கத்தில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தவர்களும், மரங்களின் குளிர்கால உறக்கத்தை ஆராய்ந்தவர்களும் தனித்தனியே இதைக் கண்டார்கள்.

எதிர்ப்பக்கம் இழுப்பது ஜிப்பரெல்லின். 1926ல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், நெற்பயிரை அளவுக்கு மீறி நெட்டையாக்கும் ஒரு பூஞ்சண நோயை ஆராய்ந்தபோது இதன் தடயம் கிடைத்தது. பிறகுதான் எல்லாச் செடிகளும் இந்தப் பொருளைத் தாமே உண்டாக்குகின்றன என்று தெரிந்தது. விதையை எழுப்புவது இதன் வேலைகளில் ஒன்று.

இவை இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள் போல. அப்சிசிக் அமிலம் கனமாக இருந்தால் கரு அடங்கி இருக்கும். ஜிப்பரெல்லின் கனத்தால் எழுந்துவிடும். இதை உலகுக்கு எடுத்துக்காட்டிய பயிர் மக்காச்சோளமேதான். கதிரிலேயே முளைக்கும் பிறவிக்குறை உள்ள மக்காச்சோளங்களை அமெரிக்காவில் டொனால்ட் ராபர்ட்சன் சேகரித்து ஆராய்ந்து 1955ல் எழுதினார். அவற்றில் பலவற்றின் மணிகள் வெளிறி இருந்தன, முளைத்த நாற்றுகளும் பச்சை இல்லாமல் வெள்ளையாக இருந்தன. காரணம் பின்னால் புரிந்தது. மக்காச்சோளத்துக்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் இனப் பொருள்களிலிருந்துதான் செடி அப்சிசிக் அமிலத்தைச் செய்கிறது. அந்த வழி அடைபட்டால் நிறமும் போகும், பூட்டும் போகும். (இதனால் வெள்ளை மக்காச்சோளம் எல்லாம் கதிரில் முளைக்கும் என்று எண்ண வேண்டாம். சாதாரண வெள்ளை ரகங்களில் மாவுப்பகுதியில் மட்டுமே மஞ்சள் இல்லை, கருவில் வேலை ஒழுங்காக நடக்கிறது.)

இன்னொரு வகையில் அப்சிசிக் அமிலம் போதிய அளவு இருந்தும் மணி முளைத்தது. அதன் சொல்லைக் கேட்கும் காது அந்த மணிக்கு இல்லை. அதற்குக் காரணமான மரபணுவைப் புளோரிடாவில் மெக்கார்ட்டி குழுவினர் 1991ல் விளக்கினார்கள். அதற்கு விவிபாரஸ்-1 என்று பெயர். அப்சிசிக் அமிலம் குறைந்த மணிகளில் ஜிப்பரெல்லினையும் சேர்த்துக் குறைத்தால் முளைப்பு அடங்கிவிடுகிறது என்று 2000ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தராசு என்று சொன்னது வெறும் உவமை அல்ல என்பது அதில் உறுதியானது.

மணி முற்ற முற்ற அப்சிசிக் அமிலம் குறைந்துகொண்டே வரும். அப்போது மணியை அடக்கி வைப்பது காய்ச்சல் மட்டுமே. ஆகவே முற்றிய பிறகு வயலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மணி சாத்திய கதவோடுதான் நிற்கிறது.

தண்ணீர் எங்கே தங்குகிறது?

மக்காச்சோள மணி முளைக்கத் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தண்ணீரை உறிஞ்ச வேண்டும். ஒரு தூறலில் அது நடக்காது. மட்டைக்குள் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் நாள் கணக்கில் தேங்க வேண்டும். கதிர் தலை நிமிர்ந்து நின்றால் நுனி வழியாக இறங்கும் தண்ணீர் அடியில், மட்டையும் தக்கையும் சேரும் இடத்தில், கிண்ணத்தில் நிற்பது போல நிற்கும். கதிர் தலை கவிழ்ந்து தொங்கினால் அதே மட்டை கூரை ஓலை போலத் தண்ணீரை வழியவிடும்.

தண்ணீரோடு வெப்பமும் வேண்டும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே மக்காச்சோளம் முளைப்பது அரிது. டிரெஸ்டனில் அக்டோபர் மாதச் சராசரியே ஏறத்தாழ 10 டிகிரிதான். பெரம்பலூரில் தை மாத மழையிலும் பகலில் 25 டிகிரிக்கு மேல் இருக்கும். ஒரே அளவு மழை பெய்தாலும் அங்கே மூன்று நான்கு நாளில் முளை வரும், இங்கே கதிர் நனைந்து நிற்கும், அவ்வளவுதான்.

கதிரைப் படிப்பது எப்படி?

இப்போது அந்த நேயரின் அப்பாவுடைய கோபத்துக்கு வருவோம். குற்றம் யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. வயலில் ஐந்தாறு இடங்களில், இடத்துக்குப் பத்துக் கதிராக உரித்து, முளை கதிரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

கதிரின் அடிப்பக்கம் மட்டும் முளைத்திருந்தால், நிமிர்ந்து நின்ற கதிரில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. காரணம் மழையும் தாமதமும்.

நுனிப்பக்கம் முளைத்திருந்தால், அங்கே மட்டை திறந்திருக்கும். கிளி கொத்தியிருக்கலாம், புழு குடைந்திருக்கலாம். 2018ல் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்த படைப்புழு, குருத்தை மட்டுமல்ல, கதிரையும் துளைக்கும். துளை விழுந்த மட்டை, ஓட்டை விழுந்த கூரைதான்.

முளைத்த மணிகளைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்து, மட்டை கதிரோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அது கதிர் அழுகல் நோய். டிப்ளோடியா என்று சொல்லப்படும் கதிர் அழுகலில் மணிகள் முன்கூட்டியே முளைப்பது தெரிந்த அடையாளம்.

ஒரு பக்கம் முழுவதும் முளைத்து, மறுபக்கம் நன்றாக இருந்தால், செடி சாய்ந்து அந்தப் பக்கம் மண்ணில் கிடந்திருக்கும்.

மேலும் கீழும் நடுவிலும் சிதறலாக, ஏறத்தாழ நான்கு மணிக்கு ஒன்று வீதம் முளைத்திருந்தால், அதுவும் மழை பெய்யாத வயலிலும் அப்படி இருந்தால், அது பிறவிக்குறை. அப்போதுதான் விதையைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் விலைக்கு விற்கும் கலப்பின விதையில் இது மிகவும் அபூர்வம். விதை உண்டாக்குபவர்கள் பெற்றோர் வரிசைகளிலேயே இத்தகைய குறையைக் கண்டு நீக்கிவிடுவார்கள்.

நேயர் அனுப்பிய படத்தில் முளை எல்லாம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. நுனியில் நல்ல மணிகள். கதிர்கள் நிமிர்ந்த வாக்கில் நிற்கின்றன. ஒரு படத்தை வைத்து முழு வயலுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும் சண்டைக்குப் போகுமுன் அப்பா ஐம்பது கதிராவது உரித்துப் பார்ப்பது நல்லது என்று அவருக்கு எழுதினோம்.

தாராண்ட் ஊரில் தொடங்கிய கதை

விதை நல்லதா கெட்டதா என்று சோதித்துச் சொல்லும் வழக்கம் உலகில் முதன்முதலாக எங்கே தொடங்கியது தெரியுமா? நம் டிரெஸ்டன் பக்கத்தில்தான். இங்கிருந்து எஸ்-3 ரயிலில் ஏறினால் தாராண்ட் போகலாம். அங்கே வனவியல் கல்விக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபிரிட்ரிக் நொப்பே 1869ல் உலகின் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தை அமைத்தார். விதை என்ற பெயரில் வேறு விதைகளும் செத்த விதைகளும் கலந்து விற்கப்பட்ட காலம் அது. 1876ல் அவர் எழுதிய விதைக் கையேடு இந்தத் துறைக்கே அடிப்படையானது. அந்தக் கல்விக்கழகம் இன்று டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வனவியல் பிரிவாக அதே ஊரில் இருக்கிறது. நம் நேயர் படிக்கும் அதே பல்கலைக்கழகம்.

நொப்பே தொடங்கிய வழக்கத்தின் பேரன் பேத்திதான் இன்று விதைப் பையில் நாம் பார்க்கும் அட்டை. இந்தியாவில் சான்று பெற்ற கலப்பின மக்காச்சோள விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 90 விழுக்காடு இருக்க வேண்டும். நூறு விதையை ஈரமான தாளிலோ மணலிலோ வைத்தால் ஒரு வாரத்தில் தொண்ணூறாவது நல்ல நாற்றாக வர வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த அட்டை சொல்வது, 'ஈரம் பட்டால் இது உடனே முளைக்கும்' என்பதுதான். நாம் காசு கொடுத்து வாங்குவதும் அந்தக் குணத்தைத்தான். அதே குணம் உள்ள மணி, முற்றிய பிறகு கதிரில் நான்கு நாள் நனைந்தால் முளைக்காமல் என்ன செய்யும்? ஆவணியில் வேண்டும் என்று கேட்ட குணம் தையில் வேண்டாம் என்றால் விதைக்குத் தெரியாது. ஆகவே கதிரில் முளைத்தது பெரும்பாலும் கெட்ட விதை என்பதற்குச் சாட்சி அல்ல. உயிருள்ள விதை என்பதற்கே சாட்சி.

சாக்சனியின் ரை தானியமும் ரொட்டியும்

இந்தச் சிக்கல் வெப்ப நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். சாக்சனி மாநில விவசாயிகளைக் கேட்டால், மக்காச்சோளத்தில் இதை அவ்வளவாகப் பார்த்ததில்லை என்பார்கள். இங்கே மக்காச்சோளத்தில் பெரும்பகுதி மாட்டுத் தீவனத்துக்காக, மணி முழுக்க முற்றுமுன் செடியோடு வெட்டிக் குழியில் ஊறவைக்கப்படுகிறது. மணிக்காக விடுவதையும் அக்டோபர் வாக்கில் 30 விழுக்காடு ஈரத்தோடேயே அறுத்து, எரிவாயு உலர்த்தியில் காயவைத்துவிடுகிறார்கள். கதிர் காயட்டும் என்று வயலில் விட்டு வைப்பதில்லை.

ஆனால் ரை, கோதுமை என்று பேச்செடுத்தால் முகம் மாறும். இவை ஜூலை, ஆகஸ்டில் அறுவடையாகும். அந்த நேரத்தில் மழை பிடித்தால் கதிரில் நின்றபடியே முளைத்துவிடும். இதற்கு ஜெர்மன் மொழியில் அவுஸ்வூக்ஸ் என்று தனிச் சொல்லே இருக்கிறது. 2023ல் ஜூலைக் கடைசியில் பிடித்த மழை ஆகஸ்டிலும் நீடித்து அறுவடையை நிறுத்தியபோது, ரொட்டிக்குப் போக வேண்டிய கோதுமையில் ஒரு பகுதி தீவன விலைக்குப் போனது.

முளை கண்ணுக்குத் தெரியுமுன்பே கெடுதல் தொடங்கிவிடும். விதை எழும்போது ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். முளைகட்டிய கேழ்வரகு இனிப்பதும், ராடேபெர்க் பியருக்கு வாற்கோதுமையை வேண்டுமென்றே முளைக்க வைப்பதும் இதற்காகத்தான். ஆனால் ரொட்டி மாவில் இந்த நொதி மிகுந்தால் ரொட்டி உள்ளே பிசுபிசுவென்று வேகாத களி போல ஆகிவிடும்.

அதனால் இங்கே ஆலையில் லாரி வந்து நின்றதும் ஒரு சோதனை செய்வார்கள். 7 கிராம் மாவை 25 மில்லி தண்ணீரில் கலந்து, கொதிநீரில் வைத்து ஒரு நிமிடம் கலக்கி, அந்தக் கூழுக்குள் ஒரு கம்பியை விடுவார்கள். கம்பி கீழே இறங்க மொத்தம் எத்தனை விநாடி ஆகிறது என்பதே கணக்கு. கூழ் கெட்டியாக இருந்தால் கம்பி மெதுவாக இறங்கும். முளைத்த தானியமாக இருந்தால் கூழ் நீர்த்துப்போய்க் கம்பி சட்டென்று விழும். சுவீடன் நாட்டு ஹாக்பெர்க் உருவாக்கிய இந்த முறையில் ரொட்டிக் கோதுமைக்குப் பொதுவாக 220 விநாடிக்கு மேல் எதிர்பார்ப்பார்கள். 60 விநாடியை ஒட்டி வந்தால் நன்றாக முளைத்துவிட்டது என்று பொருள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இங்குள்ள விவசாயி மழைக்கு முன்னால் ஈரத்தோடு அறுத்து, பிறகு காயவைக்கிறார். அவரிடம் உலர்த்தி இருக்கிறது. நம் ஊரில் களமும் வெயிலும்தான். மழை பிடித்தால் அந்த இரண்டும் இல்லை. 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் காவிரி டெல்டாவில் சாய்ந்த சம்பா நெல் வயலிலேயே முளைத்தது பலருக்கும் நினைவிருக்கும். சிக்கலின் பாதி விதையின் உடம்பில் இருக்கிறது, மறு பாதி காயவைக்க இடமில்லாத நம் நிலைமையில் இருக்கிறது.

மீதியை என்ன செய்வது?

இரண்டாவது கேள்வி இது. முளைத்ததே ஒரு நஞ்சு அல்ல. மாவுச்சத்தும் எடையும் ஓரளவு குறையும், அவ்வளவே. பயப்பட வேண்டியது அதே ஈரத்தில் வரும் பூஞ்சணத்துக்கு. அஃப்ளாடாக்சின் போன்ற பூஞ்சண நஞ்சுகள் வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. கோழிக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் கேடு. ஆகவே:

மட்டையை உடனே உரித்துவிட வேண்டும். மட்டையோடு குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால், உள்ளே சூடேறி, முளைக்காததும் முளைக்கும். மழை பெய்யும்போது மட்டும் மூடி, விட்டதும் திறந்து பரப்புங்கள்.

பூஞ்சணம் பிடித்த கதிர்களைத் தனியே பிரித்துக் கழித்துவிடுங்கள். நல்லதோடு கலந்து எடை கூட்ட வேண்டாம். முளைத்து, ஆனால் பூஞ்சணம் இல்லாத அடிப்பகுதி மணிகளை உடைத்தெடுத்து வேறாகக் காயவைக்கலாம்.

கதிராகவே நன்றாகக் காயவைத்துவிட்டு, பிறகு அடியுங்கள். ஈரத்தில் அடித்தால் மணி உடையும், உடைந்த மணியில் பூஞ்சணம் எளிதில் ஏறும். விற்பதற்கு ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. மாதக் கணக்கில் வைப்பதானால் 12 நல்லது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரப்பதமானி இருந்தால் ஒரு கைப்பிடி கொண்டுபோய்ப் பார்த்துவிடலாம்.

வியாபாரியிடம் முளைத்தது இருக்கிறது என்பதைச் சொல்லியே விற்பது நல்லது. விலை குறையும். ஆனால் நாமக்கல் தீவன ஆலை வரைக்கும் போய்ச் சரக்கு திரும்பினால் இழப்பு அதைவிடப் பெரிது.

நாட்டு ரகம் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வேர் முனை வெளியே எட்டிப் பார்த்த மணி மறுபடி காய்ந்தால் அதன் கரு செத்துவிடும். அந்தக் கதிரில் விதை எடுக்காதீர்கள்.

அடுத்த வருடத்துக்கு

மழையை நிறுத்த நம்மால் ஆகாது. ஆனால் நனையும் நாள்களைக் குறைக்கலாம்.

மணி முற்றியதா என்பதைச் செடியின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மணியைப் பெயர்த்து, தக்கையோடு ஒட்டியிருந்த அடி நுனியைச் சுரண்டிப் பாருங்கள். அங்கே கருப்பாக ஒரு படலம் தெரிந்தால் மணிக்குள் இனி மாவு ஏறாது, முற்றிவிட்டது. அப்போது ஈரம் 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதன் பிறகு வயலில் நிற்பது காய்வதற்காக மட்டுமே. மழை வரும் என்று செய்தி வந்தால் கையால் ஒடித்துக் கொண்டுவந்து, உரித்து, கூரைக்குக் கீழே பரப்பிவிடலாம்.

அறுக்க முடியாத நிலை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மெக்சிகோவிலும் நடு அமெரிக்க நாடுகளிலும் சிறு விவசாயிகள் காலங்காலமாகச் செய்வது இது. கதிர் முற்றியதும், கதிருக்குக் கீழே தண்டை மடக்கி, கதிரின் நுனி மண்ணைப் பார்க்கும்படி விட்டுவிடுவார்கள். மழைத் தண்ணீர் மட்டையின் மேல் வழிந்து போகும், பறவைத் தொல்லையும் குறையும். இரண்டு ஏக்கரில் வீட்டு ஆள்களே செய்துவிடக்கூடிய வேலை. கருப்புப் படலம் தெரிந்த பிறகு மட்டும் செய்ய வேண்டும். அதற்கு முன் மடக்கினால் மணி சுருங்கிவிடும்.

ரகம் வாங்கும்போது விளைச்சல் எவ்வளவு என்று கேட்பதோடு, 'மட்டை நுனிவரை மூடுமா, முற்றியதும் கதிர் தலை கவிழுமா' என்றும் கேளுங்கள். விதைப்பை எண்ணிப் பார்த்து, முற்றும் நாள் மழைக் காலத்துக்கு வெளியே விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். உரமும் நெருக்கமும் மிஞ்சிச் செடி சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படைப்புழுவைக் கதிர் வரும் முன்பே கட்டுப்படுத்துங்கள்.

டிரெஸ்டனில் சிறு தோட்டம் வைத்திருக்கும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. இனிப்புச் சோளத்தைப் பிஞ்சாகப் பறித்துச் சாப்பிடுவதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் இரண்டு மூன்று கதிரை விதைக்கு விட்டால், செப்டம்பர் கடைசியில் ஈரம் தங்கத் தொடங்குமுன் கதிரோடு பறித்து, மட்டையைப் பின்னால் மடக்கி, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

பிறகு அந்த மாணவரிடமிருந்து பதில் வந்தது. அப்பா கதிர்களை உரித்துப் பார்த்தாராம். பத்தில் எட்டுக் கதிரில் முளை அடிப்பக்கம்தான். விதை விற்றவரிடம் சண்டைக்குப் போகவில்லை. 'அடுத்த தடவை மழைக்கு முன்னால் தண்டை மடக்கிவிடலாம்' என்றாராம். 'நீ அங்கே படிக்கிறாயே, உலர்த்தி ஒன்று மலிவாகச் செய்து தர முடியுமா?' என்றும் கேட்டாராம்.

மூன்று கேள்விகளுக்கு நம்மால் பதில் சொல்ல முடிந்தது. நான்காவது கேள்வியை இங்கே படிக்கும் நம் பிள்ளைகளிடம் விடுகிறோம். உங்கள் ஊர் அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள்.